பல்லவ சாம்ராட் ஏலத்துக்கு வந்த நாள்

கிண்டிக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்து, அந்தச் சட்டமும் முரண்டு பிடிக்கிற குதிரை மாதிரி கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த வருஷம் அது. ஜெயிக்கிற குதிரைகளை வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஜம்புலிங்கம் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டார். இனிமேல் அவருடைய குதிரை தோற்க முடியாது. சர்க்காரே தடுத்துவிட்டது.

ஜம்புலிங்கத்துக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி நாற்பது ஏக்கர் சவுக்குத் தோப்பு. தோப்பு வாசலில் 'அசுவபதி ஜம்புலிங்கம் குதிரைப் பண்ணை' என்று ஆளுயரத்துக்குப் பலகை. அசுவபதி என்பது செங்கல்பட்டில் ஓர் இலக்கிய மன்றம் கொடுத்த பட்டம். மன்றத்துக்கு அவர் இரண்டு மின்விசிறி கொடுத்தார். மறுவாரம் அவர்கள் பட்டம் கொடுத்தார்கள். விசிறிகளில் ஒன்று ஓடவில்லை. பட்டம் நன்றாக ஓடியது. பண்ணையில் ஒரு காலத்தில் நாலு குதிரை இருந்தன, இப்போது ஒன்று. ஒன்றே ஆனாலும் அசுவபதி அசுவபதிதான். அவர் அதன் முதுகில் சவாரி போனதே கிடையாது. உட்கார்ந்தாற்போல ஒரு படம் மட்டும் எடுத்துக் கூடத்தில் மாட்டியிருந்தார். அந்தப் படத்துக்கு ஸ்டூல் பிடித்தவர் கங்காதரன்.

கங்காதரன் பண்ணையின் காரியதரிசி. தினமும் செங்கல்பட்டு பெரியநத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கொள்ளு மூட்டை எண்ணி, கடிதம் எழுதி, எஜமானின் மேடைப் பேச்சுக்கு அடுக்குமொழி சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார். பதினொரு வருஷமாக இதுதான் உத்தியோகம். மாசம் நூற்றெழுபத்தைந்து ரூபாய்.

மிச்சமிருந்த அந்த ஒற்றைக் குதிரைக்குப் பெயர் பல்லவ சாம்ராட். பதினாலு பந்தயம் ஓடி, முன்னால் போன குதிரைகளின் வால்களை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்த குதிரை. அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது. காதருகே சரவெடி வெடித்தாலும் இமைக்காது, மெதுவாக ஒரு காலை எடுத்து வைக்கும், யோசிக்கும், அப்புறம்தான் அடுத்த கால். ஆனால் வாய் மட்டும் பந்தய வேகத்தில் ஓடும். கொள்ளு விற்கிற விலையில் அதுதான் ஜம்புலிங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

விற்றுவிட வேண்டியதுதான். ஆனால் அசுவபதி குதிரை விற்றார் என்று நாலு பேர் பேசலாமா? ஏலம் விட்டார் என்று பேசலாம். அதில் ஒரு ராஜ களை இருக்கிறது.

பெங்களூரில் ஒருமுறை அவர் பெரிய மனிதர்களின் குதிரை ஏலம் பார்த்திருந்தார். அங்கே இரண்டு விஷயம் கற்றுக்கொண்டு வந்தார். ஒன்று, இந்த விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்று சொந்தக்காரர் ஒரு ரிசர்வ் விலையை எழுதி, அரக்கு முத்திரை வைத்து மூடிவிடுவார். கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. இன்னொன்று, கூட்டத்தில் சொந்தக்காரருடைய ஆளே ஒருவன் வெளியாள் மாதிரி நின்றுகொண்டு விலையை ஏற்றிவிடுவான். இரண்டாவதை அங்கே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதல் வேலைக்கு அரக்கு இருந்தது. இரண்டாவது வேலைக்குக் கங்காதரன் இருந்தார்.

ஏலம் விடுவதற்கு ஆள் இல்லை. மதராஸ் ஏலக் கம்பெனிக்கு எழுதினதில், பத்துக்கு ஒன்று கமிஷன், முதல் வகுப்பு ரயில் கட்டணம், மத்தியானச் சாப்பாடு என்று பதில் வந்தது. ஜம்புலிங்கம் அந்தக் கடிதத்தோடு வந்த நிபந்தனைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டார். அதை அப்படியே காப்பி அடித்துத் தமிழில் நோட்டீசாகப் போடச் சொல்லிவிட்டு, ஏலம் விடக் கடப்பாக்கத்திலிருந்து பூவாயியை வரவழைத்தார். கடப்பாக்கம் கரையில் மீன் ஏலம் விடுகிறவள். அலைச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் அடுத்த குப்பத்துக்குக் கேட்கும். ஐம்பது ரூபாயும் ஒரு புடவையும் பேச்சு.

"ஏலம்னா ஏலம்தான், மீனா இருந்தா இன்னா, குதிரையா இருந்தா இன்னா" என்றார் ஜம்புலிங்கம். பிறகு அந்த வார்த்தை அவருக்கே திரும்பி வந்தது.

ஏலத்துக்கு முதல்நாள் அவர் கங்காதரனை உட்கார வைத்துத் திட்டத்தைச் சொன்னார். கங்காதரன் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டும். விலையை இரண்டாயிரம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அதற்கு மேலே எவனாவது கேட்டால் அவன் தலையெழுத்து. கேட்காவிட்டால், பூவாயி ஒரு தரம், இரண்டு தரம் என்று இழுத்துச் சொல்லும்போது ஜம்புலிங்கம் இருமுவார். எழுந்து நின்று, இன்றைக்கு நேரம் சரியில்லை என்று குதிரையை வாபஸ் வாங்கிவிடுவார். இரண்டாயிரத்துக்குக் கேட்டும் அசுவபதி தரவில்லை என்று செங்கல்பட்டு வரைக்கும் செய்தி போகும். அப்புறம் சத்தம் போடாமல் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்.

"ரிசர்வ் விலை எவ்ளோங்க?" என்று கேட்டார் கங்காதரன்.

"அதான் சொன்னேனே, ரெண்டாயிரம்" என்று ஜம்புலிங்கம் ஒட்டின கவரை எடுத்து நீட்டினார். நடுவில் எட்டணா அகலத்துக்குச் சிவப்பு அரக்கு, அதில் அவர் மோதிரத்தின் குதிரைத் தலை. காரியதரிசியின் பையில் அது பத்திரமாக இருக்க வேண்டும், யாரும் திறக்கக் கூடாது. திறக்காத கவருக்குத்தான் மரியாதை என்றார்.

திட்டம் பலே திட்டம். இழுத்துச் சொல்ல வேண்டும் என்பதைப் பூவாயிக்கும் சொல்லி வைக்கலாம் என்று மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பத்து மணிக்குத் தோப்பில் பந்தல், மைக், மாலை. ஜம்புலிங்கம் எதைச் செய்தாலும் அது விழாவாகிவிடும். வரவேற்புரை அசுவபதி. தலைமை, ஓய்வுபெற்ற முன்சீப் ஏசுதாஸ். நன்றியுரை என்று அடியில் ஒரு பெயர். எல்லாம் மஞ்சள் நோட்டீசில் அச்சாகியிருந்தது. பின்பக்கம் நிபந்தனைகள்: ஏலக்காரரின் தீர்ப்பே முடிவானது, மூன்று தரம் சொன்னபின் மாற்றமில்லை, முழுத் தொகையும் மாலை ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை. 'சட்டப்படி நடவடிக்கை' என்பதற்குக் கீழே கோடு போட்டால் எடுப்பாக இருக்கும் என்று அச்சகத்தில் சொன்னவர் கங்காதரன்தான்.

முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் வேடிக்கைக்கு, மீதிப் பேர் காப்பிக்கு. வாங்குகிற முகத்தோடு வந்தவன் ஒருத்தன்தான். செங்கல்பட்டில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிற பன்னீர்செல்வம். அவனுடைய பழைய குதிரை போன தை மாசம் மேளச் சத்தத்தில் மிரண்டு, ஒரு மாப்பிள்ளையைக் கல்யாண மண்டபத்துக்கு எதிரே இருந்த சாக்கடையில் இறக்கிவிட்டது. மிரளாத குதிரை ஒன்று அவனுக்கு அவசரமாக வேண்டியிருந்தது.

ஜம்புலிங்கம் மைக்கைப் பிடித்தார். அசுவமேதத்தில் தொடங்கி, பல்லவர் காலத்துக் குதிரைப் படை வழியாகத் தன் பண்ணைக்கு வந்து சேர அரைமணி ஆனது. வந்து சேர்ந்த வேகத்தில், எழுதிக் கொடுக்காத ஒன்றையும் சொல்லிவிட்டார்.

"அன்பர்களே, இந்த ஏலத்தில் மறைவு இல்லை, மாயம் இல்லை! ரகசிய விலை இல்லை! இந்த அவையிலே என் ஆள் ஒருவன் நின்று ஏலம் கேட்கமாட்டான், இது அசுவபதியின் சத்தியம்!"

கைதட்டினார்கள். சட்டைப்பையில் கவரோடு நின்ற கங்காதரனும் தட்டினார். தட்டாமல் நின்றால் சந்தேகம் வருமே.

பூவாயி மேடைக்கு வரவில்லை, மைக்கும் வேண்டாமென்றுவிட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குதிரையைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பழக்க தோஷத்தில் அதன் கண்ணைப் பார்த்தாள், மீன் பழசா புதுசா என்று பார்க்கிற மாதிரி. திருப்தியானதும் குரல் கொடுத்தாள். லாயத்துக் கூரையிலிருந்து நாலு காக்கை பறந்தது.

யாரோ விளையாட்டுக்கு முந்நூறு என்றார்கள். பன்னீர்செல்வம் அறுநூறு என்றான். அதற்கு மேல் கேட்க ஆளில்லை. ஜம்புலிங்கம் கங்காதரனைப் பார்த்தார். கங்காதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுநூறு என்றார்.

பன்னீர்செல்வம் திரும்பிப் பார்த்தான். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் குடை. குதிரை வாங்குகிற ஆளாகத் தெரியவில்லை. ஆனாலும் எண்ணூறு என்றான். அவர் தொள்ளாயிரம். இப்படியே நூறு நூறாக ஏறி, பன்னீர்செல்வம் ஆயிரத்திருநூறு என்று சொல்லி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கங்காதரன் ஆயிரத்து முந்நூறு. பன்னீர்செல்வம் மடித்துக் கட்டின வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டான். அவன் ஆட்டம் முடிந்தது.

இங்கேதான் கங்காதரன் நிறுத்தியிருக்க வேண்டும். மேடையில் ஜம்புலிங்கத்தின் புருவம் நிறுத்தவில்லை. அது ஏறு ஏறு என்றது. பதினொரு வருஷமாக அந்தப் புருவத்துக்குக் கட்டுப்பட்டுப் பழகின மனிதர் என்ன செய்வார்?

"ஆயிரத்து அறுநூறு" என்றார் கங்காதரன்.

பூவாயி திரும்பினாள். "இன்னா சாரு, ஆயிரத்து முந்நூறு நீ கேட்டது. ஆயிரத்து அறுநூறும் நீயா?"

"ஆமாம்."

"நடுவுல யாரு உன்ன முந்தினாங்க?"

கங்காதரன் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பன்னீர்செல்வம்தான் சொன்னான்: "வுடு அக்கா. அண்ணாத்த தன்கூடவே சண்ட போட்டுகினு கீறாரு. யாரு ஜெயிக்கிறாருன்னு பாக்கலாம்."

பந்தலே சிரித்தது. சிரிப்பில் கங்காதரனுக்கு மூளை நின்றுபோய், சொல்லிக்கொடுத்த பாடம் மட்டும் வாயில் வந்தது.

"ரெண்டாயிரம்."

கடற்கரையில் மீன் காத்திருக்காது. வெயில் ஏற ஏற விலை இறங்கும். அதனால் பூவாயியின் கரையில் மூன்று தரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சுத்தான். இருபது வருஷமாக அவள் அப்படித்தான் சொல்லி வந்தாள், இப்போதும் அப்படியே சொன்னாள்.

"ரெண்டாயிரம் ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம், தூக்கிக்கோ."

ஜம்புலிங்கத்தின் இருமல் அதற்கப்புறம் வந்தது. வெறும் இருமலாகவே வந்து போனது.

பூவாயி மீன் கூடையைத் தள்ளிவிடுகிற தோரணையில் கடிவாளத்தைக் கங்காதரனின் கையில் திணித்தாள். பல்லவ சாம்ராட் புது எஜமானை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் சட்டைப்பையில் இருந்த அரக்கை முகர்ந்தது.

கங்காதரன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டாயிரம் என்றால் ஒரு வருஷச் சம்பளம், கிட்டத்தட்ட. அதைச் சாயந்திரம் ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை, அதுவும் கோடு போட்டு. கட்டினாலும் குதிரை கூட வரும். பெரியநத்தத்தில் அவர் வீட்டுச் சந்தில் எதிரே சைக்கிள் வந்தாலே ஒருவர் வாசற்படியில் ஏறி ஒதுங்க வேண்டும். இதைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் மனைவி சாரதாம்பாள் முதலில் யாரைக் கட்டிப்போடுவாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

பன்னீர்செல்வம் நேரே மேடைக்குப் போய்த் தலைவரிடம் முறையிட்டான். இந்த ஆள் வாங்க வந்தவர் இல்லை, விலை ஏற்ற வந்தவர். வாங்க வந்தவன் எவனாவது தன் கேள்விக்கு மேல் தானே கேட்பானா என்பது அவன் வாதம். இருபது வருஷம் முன்சீப்பாக இருந்த ஏசுதாசுக்கு ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் வழக்கு இது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜம்புலிங்கத்திடம் கேட்டார்.

"இவர் உங்கள் ஆளா?"

ஜம்புலிங்கம் கூட்டத்தைப் பார்த்தார். அரைமணிக்கு முன்னால் செய்த சத்தியம் இன்னும் ஆறவில்லை.

"யாரென்றே எனக்குத் தெரியாது. பார்த்தால் பசையுள்ள ஆள் மாதிரி தெரிகிறது. கட்டட்டுமே."

கங்காதரனுக்கு முதலில் அது உறைக்கவில்லை. உறைத்தபோது கோபம்கூட வரவில்லை, பதினொரு வருஷமாக ஸ்டூல் பிடித்த கை மட்டும் வலித்தது. ஒத்துக்கொண்டால் வேலை போகும். ஒத்துக்கொள்ளாவிட்டால் குதிரை வரும். அவர் குதிரையைப் பார்த்தார். அது குடைப்பிடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

கங்காதரன் மஞ்சள் நோட்டீசை மடிப்பு நீக்கித் தலைவரிடம் நீட்டினார்.

"ஐயா, நன்றியுரை யாருன்னு கொஞ்சம் படிங்க."

ஏசுதாஸ் மைக்கிலேயே படித்தார். "நன்றியுரை, திரு. கங்காதரன், காரியதரிசி, அசுவபதி ஜம்புலிங்கம் குதிரைப் பண்ணை."

"அது நான்தாங்க. ரெண்டாயிரம் வரைக்கும் ஏத்தச் சொன்னாரு, ஏத்தினேன். எனக்குக் குதிரை வேணாங்க. எங்க சந்துல திரும்பாது."

சிரிப்பு அடங்கப் பூவாயி காத்திருக்கவில்லை, அதற்கு மேலேயே பேசினாள். "எங்க கரையில இதுக்கு வழி கீது. வலைக்காரன் ஆள வுட்டுத் தன் மீனத் தானே கேட்டா, அந்த ஆளு வாயத் தொறந்ததுலேர்ந்து அல்லாம் தள்ளுபடி. அதுக்கு முந்தி எந்தக் கேள்வி நின்னுச்சோ, அதுக்கே மீனு." பன்னீர்செல்வத்தைக் காட்டினாள். "அறுநூறு. நைனா, புட்சிக்கோ."

அது மீனுக்குச் சட்டம், இது குதிரை என்று ஜம்புலிங்கம் கத்தினார். ஏலம்னா ஏலம்தான், மீனா இருந்தா இன்னா என்று பேசி அழைத்து வந்தது யார் என்று பூவாயி கேட்டாள். ஏசுதாஸ் நோட்டீசைத் திருப்பி, ஏலக்காரரின் தீர்ப்பே முடிவானது என்பதைப் படித்துக் காட்டினார். அதில் மீன் என்றும் இல்லை, குதிரை என்றும் இல்லை.

அப்போதுதான் அசுவபதி அடுக்குமொழியை மறந்தார்.

"அறுநூறுக்குத் தர முடியாது! ரிசர்வ் வெல கீது, ரெண்டாயிரம், அரக்கு வெச்சி மூடிக் கீது. அதத் தொட்டது இவன் ஒருத்தன்தான். என் ஆளோ எவன் ஆளோ, வாய வுட்டுக் கேட்டான் இல்ல? இவன் தலையிலயே கட்டு!"

ரகசிய விலை இல்லை என்று சத்தியம் செய்தாரே என்று பின்னாலிருந்து யாரோ ஞாபகப்படுத்தினார்கள். ஆனால் ஏசுதாஸ் சிரிக்கவில்லை. யோசித்தார். அவர் யோசிக்க யோசிக்கக் கங்காதரன் கடிவாளத்தைத் தன்னைவிட்டுத் தள்ளித் தள்ளிப் பிடித்தார். சத்தியம் காற்றில் சொன்னது, விலை எழுத்தில் இருக்கிறது, எழுத்தில் இருந்தால் அதற்குக் கீழே எந்தக் கேள்வியும் செல்லாது என்றார் முன்சீப். இரண்டாயிரம் என்று எழுதியிருந்தால், அதைத் தொட்ட ஒரே மனிதர் கங்காதரன், குதிரை அவருடையது.

"கவர் எங்கே?"

கங்காதரன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"திறக்க வேணாம்" என்றார் ஜம்புலிங்கம் அவசரமாக. "என் வார்த்தை போதாதா? முத்திரையை உடைக்கிறது பண்ணைக்கு ஆகாது. கங்காதரா, இப்டிக் குடு, நானே படிக்கிறேன்."

யாரென்றே தெரியாத மனிதரின் பெயர் இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. கங்காதரன் அந்தக் குரலுக்குக் கையை நீட்டியும்விட்டார், பழக்கம் அப்படி. நடுவில் பூவாயியின் கை வந்தது. கவரைப் பிடுங்கி, செதில் சீவித் தேய்ந்த கட்டைவிரல் நகத்தால் அரக்கை ஒரே நெம்பு நெம்பித் தலைவரிடம் கொடுத்தாள். குதிரைத் தலை இரண்டாக உடைந்து மணலில் விழுந்தது.

ஏசுதாஸ் சீட்டைப் பிரித்தார். ஒருமுறை மனசுக்குள் படித்தார். பிறகு மைக்கை இழுத்துக்கொண்டார்.

"ரூபாய் ஐந்நூறு மட்டும்."

'மட்டும்' என்பதை அவர் வேண்டுமென்றே அழுத்தவில்லை. அது தானாகவே மைக்கில் நின்றது.

ஜம்புலிங்கத்துக்குத் தன் குதிரையின் விலை தெரியாமல் இல்லை. ஊருக்குச் சொல்கிற விலை வேறு, தனக்குத்தானே எழுதிக்கொள்கிற விலை வேறு. தனியாக உட்கார்ந்து எழுதும்போது தன்னிடமே பொய் சொல்ல அவருக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. அவர் வாழ்நாளில் முத்திரை வைத்த ஒரே உண்மை அதுதான், அதை ஒரு மீன்காரி உடைத்துவிட்டாள்.

பன்னீர்செல்வம் கையைக் கூப்பி, "ஐயா, நீங்க கேட்டதுக்கு மேல நூறு தர்றேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னான். கங்காதரனின் கையிலிருந்த கடிவாளத்தை வாங்கிக்கொண்டான். அந்தத் தோல்வார் உள்ளங்கையை விட்டுப் போனபோது கங்காதரனுக்குக் கல்யாணமாகி முதல் குழந்தை பிறந்தபோதுகூட வராத ஒரு நிம்மதி வந்தது. தோப்புக்கு அப்பால் இத்தனை நேரமாகக் கடல் இரைந்துகொண்டிருந்திருக்கிறது, அது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

நிகழ்ச்சி நிரலில் பாக்கி ஒன்று இருந்தது. ஏசுதாஸ் விடவில்லை. கங்காதரன் மைக்குக்கு முன்னால் போய், தலைவருக்கும் ஏலக்காரருக்கும் வந்தவர்களுக்கும் காப்பி போட்டவர்களுக்கும் நன்றி சொன்னார். கடைசியில், தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகிற பல்லவ சாம்ராட்டுக்கும் சொன்னார். அன்றைய பேச்சுகளில் நிஜமாகக் கைதட்டு வாங்கினது அது ஒன்றுதான்.

பந்தல் காலியானதும் ஜம்புலிங்கம் லாயத்தில் காலித் தொட்டிக்கு எதிரே நின்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றார். கொள்ளுச் செலவு இனி இல்லை என்ற நிம்மதி உதட்டோரத்தில் தெரிந்துவிட்டது.

"நாளைக்கு வேலைக்கு வராத" என்றார்.

கங்காதரன் தலையாட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். தோப்பு வாசல் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளன்னிக்கு வா. பலகை மாத்தணும். சவுக்குப் பண்ணைனு போடலாமா, யோசிச்சிகினு வா."

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மைல்கல் ஒன்றருகே பஸ் வேகம் குறைந்தது. சாலையின் நடுவில் பல்லவ சாம்ராட், ஒரு கால் வைத்து, யோசித்து, அடுத்த கால் வைத்துக்கொண்டிருந்தது. பன்னீர்செல்வம் முன்னால் இழுக்காத குறையாக நடந்தான். கண்டக்டர் திட்டினார், டிரைவர் ஹாரன் அடித்தார், குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. எந்த மாப்பிள்ளையும் இனிச் சாக்கடையில் விழமாட்டான். பஸ் ஒதுங்கித் தாண்டும்போது அது தலையைத் திருப்பி நேரே கங்காதரனின் ஜன்னலைப் பார்த்தது. அவர் சட்டென்று படுதாவை இறக்கிக் கட்டிவிட்டார்.

வீட்டில் சாரதாம்பாள் கதவைத் திறந்ததும் கையைத்தான் பார்த்தாள். "கடலோரம் போய்ட்டு ஒரு மீன்துண்டு இல்ல. வெறுங்கைய வீசிகினு வந்து நிக்கிற."

கங்காதரன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. திருப்பிப் புறங்கையையும் காட்டினார். அங்கேயும் ஒன்றும் இல்லை. அந்தச் சந்தோஷம் தாங்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.